லினக்ஸில் பாட்டுப் பதிவு: சத்தம் வராதபோதும், வந்து படுத்தும்போதும்

எங்கள் மொரீஷியஸ் தீவின் ரவான் என்ற தோல் வாத்தியத்தை வாசிப்பவர்கள் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றிய பிறகுதான் தட்டத் தொடங்குவார்கள். சூட்டில் ஆட்டுத்தோல் இறுகி, சத்தம் கணீரென்று எழும். ஆறினால் தொய்ந்துவிடும். மறுபடி தீ மூட்ட வேண்டும். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மாடி அறையில் பதிவு செய்யும்போது என்னை அவசரப்படுத்துவது இதுதான். கீழே முற்றத்தில் சூடுகாட்டிய ரவானோடு தம்பி மாடி ஏறி வருவான். நான் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு நிமிஷம்டா, சத்தம் வரல" என்பேன். அந்த ஒரு நிமிஷம் அரை மணி ஆவதற்குள் தோல் ஆறியிருக்கும், தம்பியின் முகம் சூடாகியிருக்கும்.

நாலைந்து முறை இப்படிப் பட்ட பிறகு, எந்தக் கோளாறுக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே விரித்திருக்கிறேன். என் மெஷினில் இருப்பது உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸ், பதிவுக்கு ஆர்டோர் என்ற மென்பொருள். டெபியன், ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். லினக்ஸில் சத்தம் அடுக்கடுக்காகப் போகிறது. அடியில் அல்சா. லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்ந்தது, சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது. அதற்கு மேலே முன்பெல்லாம் இரண்டு பேர் இருந்தார்கள். வீடியோ, உலாவி போன்ற அன்றாடச் சத்தத்துக்குப் பல்ஸ்ஆடியோ, இசை வேலைக்கு ஜாக். ஒரே கார்டுக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். பிறகு பைப்வயர் வந்து இருவர் வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10 பதிப்பிலும் அதற்கு மாறின. இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் நிறைய ஜாக் காலத்தவை. அவற்றைப் பார்த்துப் பைப்வயர் ஓடும் மெஷினில் பழைய ஜாக்கையும் தனியாக ஓடவிட்டால், இல்லாத சண்டையை நாமே இழுத்து வந்ததாகிவிடும். கோளாறு வந்தால் நான் முதலில் கேட்பது, இப்போது கார்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்பீர்கள்.

சத்தமே இல்லை

டெர்மினலில் அல்சாமிக்ஸர் என்று தட்டுங்கள். எஃப்6 அழுத்தினால் கார்டுகளின் பட்டியல் வரும். உங்கள் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும், வெளியே செருகும் சவுண்ட் கார்டு) அதில் இல்லையென்றால் மென்பொருளைத் தொட வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், ஹப் வழியாகச் செருகியிருந்தால் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிளைச் செருகிவிட்டு ஒரு மாலை முழுக்க டிரைவரைத் தேடியவன் நான்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், சத்த அளவைக் காட்டும் தூண்களுக்கு அடியில் இரட்டை எம் எழுத்து தெரிகிறதா பாருங்கள். அது வாயை மூடி வைத்திருக்கிறது என்று அர்த்தம். எம் விசையை அழுத்தினால் திறக்கும். அதுவும் சரியாக இருந்தால் பாவுகன்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து கடைசித் தாவலுக்குப் போங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புரொஃபைல் இருக்கும். டிவியை எச்டிஎம்ஐ-யில் மாட்டியிருந்தால் சத்தம் அங்கே போய்க்கொண்டிருக்கலாம். இன்டர்ஃபேஸுக்கு 'ப்ரோ ஆடியோ' புரொஃபைல் வையுங்கள். எல்லா உள்ளீடும் வெளியீடும் அப்படியே, எதுவும் கலக்காமல் கிடைக்கும்.

கார்டு இருக்கிறது, உலாவியில் பாட்டு கேட்கிறது, ஆர்டோர் மட்டும் எஞ்சினை, அதாவது சத்தத்தை ஓடவிடும் தன் பகுதியை, தொடங்க மறுக்கிறதா? ஆர்டோரில் ஆடியோ அமைப்புச் சன்னலில் இரண்டு வழிகள் உண்டு. அல்சாவைத் தேர்ந்தால் ஆர்டோர் கார்டை நேரடியாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். உலாவி ஏற்கெனவே கார்டைப் பிடித்திருந்தால் முடியாது. உலாவியை மூடுங்கள், அல்லது பாவுகன்ட்ரோலில் அந்தக் கார்டின் புரொஃபைலை 'ஆஃப்' செய்யுங்கள். பைப்வயர் கையை விட்டுவிடும். ஜாக் என்பதைத் தேர்ந்தால் பைப்வயர் வழியாகப் போகும், உலாவியும் கூடவே பாடும். டெபியனில் இதற்குப் பைப்வயர்-ஜாக் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

நான் பதிவு நேரத்தில் அல்சா, மிக்ஸிங் நேரத்தில் ஜாக் என்று வைத்திருக்கிறேன். பதிவின் நடுவே வாட்ஸ்அப் 'டிங்' என்று வந்து ஒரு நல்ல டேக்கைக் கெடுக்காமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மைக்கில் மட்டும் சத்தம் இல்லையா? கண்டென்ஸர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தான் எரிகிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான்.

கார்டைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி தெரிகிறது

ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் கார்டுகளைப் புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்ப்பார்கள். வாங்கியவர் பெயரைப் பதிவு செய்யும் இணையப் பக்கத்தைக் காட்டுவதற்காக அது சேமிப்பகம் போல வேடம் போடுகிறது. 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் வேடம் கலையும். மற்றபடி யூஎஸ்பி ஆடியோவின் பொதுத் தரத்தைப் பின்பற்றும் கார்டு எதுவும் லினக்ஸில் டிரைவர் கேட்காது. வாங்குமுன் அந்த ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

கோளாறு இல்லை. ஒற்றை மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிந்திருக்கிறீர்கள். மோனோ டிராக் ஒன்று போட்டுப் பதியுங்கள்.

படபடவென்று வெடிக்கிறது, நடுநடுவே அறுந்துபோகிறது

இது எல்லோருக்கும் வரும், எல்லோரையும் அழவைக்கும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணினி சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை, வாளி வாளியாக ஊற்றுகிறது. அந்த வாளிதான் பஃபர். நொடிக்கு 48000 சாம்பிள் (சத்தத்தின் சின்னஞ்சிறு துளி), வாளிக்கு 256 என்றால், ஒரு வாளி 5.3 மில்லிநொடியில் காலியாகும். அதற்குள் எல்லா டிராக்கையும் எல்லாப் பிளக்இன்னையும் (ஆர்டோருக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள்) கணக்குப் போட்டு அடுத்த வாளியை நிரப்பி வைக்க வேண்டும். ஒருமுறை தவறினால் ஒரு 'டிக்'. அதற்கு எக்ஸ்ரன் என்று பெயர். ஆர்டோரின் மேல்பட்டையில் எத்தனை எக்ஸ்ரன் வந்தது, டிஎஸ்பி, அதாவது சத்தக் கணக்கில் மெஷின் படும் பாடு, எத்தனை சதவீதம் என்று காட்டும். பைப்வயர் வழியாக ஓடுகிறீர்கள் என்றால் டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்று தட்டுங்கள். எந்த மென்பொருள் வரிசையில் பிழை எண் ஏறிக்கொண்டே போகிறதோ, அவர்தான் ஆள்.

இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். டிஎஸ்பி எண்பது, தொண்ணூறு என்று நின்றால் உண்மையிலேயே வேலை அதிகம். பஃபரை 512 அல்லது 1024 ஆக்குங்கள். மிக்ஸிங் செய்யும்போது யாரும் வாசிக்கவில்லை, தாமதம் பற்றி என்ன கவலை? ரிவெர்ப் என்ற எதிரொலி போட்ட டிராக்குகளை உறையவைத்துவிடலாம், அதாவது கணக்கை ஒரே முறை போட்டு முடித்து வைத்துவிடலாம், ஆர்டோரில் அந்த வசதி உண்டு.

ஆனால் டிஎஸ்பி இருபதில் நிற்கிறது, எக்ஸ்ரன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் கதை வேறு. மெஷினுக்குத் திறமை இருக்கிறது, நேரத்துக்கு வர விடாமல் யாரோ தடுக்கிறார்கள். முதல் சந்தேகம் அனுமதி. டெர்மினலில் யூலிமிட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோடு போட்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். பதில் பூஜ்யம் என்றால் உங்கள் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை (சத்த வேலையை மற்றவற்றுக்கு முன்னால் செய்யும் உரிமை) இல்லை. ஆடியோ என்ற பயனர் குழுவில் உங்களைச் சேர்க்க வேண்டும். டெபியன் வகையில் ஜாக்கை நிறுவும்போது 'நிகழ்நேர முன்னுரிமை தரவா' என்று கேட்கும், ஆம் என்று சொல்ல வேண்டும். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதைச் செய்யாமல் 'மாறவே இல்லையே' என்று குழம்புபவர்கள் அதிகம். இப்போது 95 என்பது போல ஓர் எண் வந்தால் சரி.

அடுத்த சந்தேகம் மின்சேமிப்பு. லேப்டாப் சும்மா இருப்பதாக நினைத்து வேகத்தைக் குறைக்கும், திடீரென்று வேலை வந்ததும் முழித்துக்கொண்டு ஓடும். அந்த இடைவெளியில் வாளி காலி. பவர் அமைப்பில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள், சார்ஜரில் போடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துப் பாருங்கள். சில வைஃபை சில்லுகளின் டிரைவர் அவ்வப்போது கணினியை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அணைத்ததும் வெடிப்பு நின்றால் குற்றவாளி கிடைத்தான். வெப்கேமும் இன்டர்ஃபேஸும் ஒரே ஹப்பில் இருந்தால் பிரியுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. காவடிப் பாட்டுப் பதிவெல்லாம் தைப்பூசத்துக்கு முன்னால், அதாவது இங்கே கொடும் வெயில் காலத்தில் நடக்கும். ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதையும் நிறுத்திவிடுவோம், சன்னலையும் சாத்திவிடுவோம். மனிதர்கள் வேர்த்து ஊற்றுகிறார்கள், லேப்டாப் மட்டும் என்ன செய்யும்? சூடு ஏறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. காலையில் ஓடிய அதே செஷன் (ஒரு பாட்டின் எல்லா டிராக்கும் சேர்ந்த பதிவு) மதியம் இரண்டு மணிக்கு வெடித்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். அடியில் இரண்டு கட்டை வைத்துத் தூக்கி, காற்றுப் போக விடுங்கள்.

கர்னலை மாற்று என்று பலர் சொல்வார்கள். நிகழ்நேரத்துக்கான மாற்றங்கள் 2024-இல் வந்த 6.12 கர்னலிலேயே சேர்ந்துவிட்டன. மேலே சொன்னதையெல்லாம் செய்து பார்க்காமல் கர்னல் பக்கம் போவது, சளிக்கு ஆபரேஷன் கேட்பது மாதிரி.

"கை ஒரு இடத்துல, சத்தம் ஒரு இடத்துல"

ரவான் தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னது இது. "அண்ணா, நான் அடிச்ச அப்புறம் யாரோ என்னைப் பார்த்து அடிக்கிற மாதிரி இருக்கு." அன்றைக்குப் பஃபர் 1024. ஒரு வாளிக்கு 21 மில்லிநொடி, உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்றாலே 43. எங்கள் தீவின் ஆட்ட இசையான சேகாவின் தாளத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால், ஒரு தட்டுக்குள் வரும் மூன்று சின்ன அடிகளுக்கு இடையே 167 மில்லிநொடிதான். அதில் கால்வாசி தள்ளிக் கேட்டால் எவன் வாசிப்பான்? பாடகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். தவில், ரவான் வாசிப்பவர்களுக்குக் கையும் காதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பஃபரை 128 அல்லது 64 ஆக்குங்கள், பதிவு நேரத்தில் கனமான பிளக்இன்களை அணைத்து வையுங்கள். அதைவிட நல்ல வழி, இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் அதைப் போட்டு, ஆர்டோர் வழியாக வரும் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். மைக் சத்தம் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் கிணற்றுக்குள் பாடுவது மாதிரி இரட்டைச் சத்தம் வரும். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் இதைச் செய்யவே முயலாதீர்கள். அதன் தாமதத்தை எந்த அமைப்பும் குறைக்காது, கம்பி வைத்தது வேண்டும்.

கேட்கும்போது சரி, பதிந்தது தள்ளி நிற்கிறது

மேலே சொன்னதும் இதுவும் ஒன்று போலத் தோன்றும். மருந்து வேறு. வாசித்தவர் சரியாகத்தான் வாசித்தார், காதிலும் சரியாகக் கேட்டது. ஆனால் டிராக்கைத் திறந்து பார்த்தால் ஒவ்வோர் அடியும் தாளக் கோட்டுக்கு ஒரே அளவு பின்னால் நிற்கிறது. ஒரே அளவு என்பதுதான் அடையாளம். வாசித்தவர் தப்பு செய்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று இருக்கும்.

கார்டுக்குள்ளேயே ஆகும் தாமதம் ஆர்டோருக்குத் தெரியாததால் வருவது இது. ஒரு சின்ன கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகுங்கள். ஹெட்ஃபோனையும் ஸ்பீக்கரையும் முதலில் கழற்றிவிடுங்கள், வரப்போவது காதுக்கு இனிய சத்தமல்ல. ஆடியோ அமைப்புச் சன்னலில் 'காலிபரேட்' என்று இருக்கும். ஆர்டோர் ஒரு சத்தத்தை அனுப்பி, அது திரும்பிவர எவ்வளவு ஆகிறது என்று அளந்து, கழித்துக்கொள்ளும். பஃபர் அளவை மாற்றினால் மறுபடி அளந்துவிடுங்கள். இதை ஒருமுறை செய்யாமல் விட்டதால் ஒரு முழுக் காவடிப் பாட்டில் பதினான்கு டிராக்கை நான் மவுஸால் இழுத்து இழுத்து வைத்த கதையும் உண்டு. தவில்காரரிடம் "மாமா, கொஞ்சம் பின்னாடி போறீங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் தப்பே செய்யவில்லை.

சுருதி தானாக ஏறிவிட்டது

அய்யோ என்று அலற வேண்டாம். ஆர்டோரின் பழைய பதிப்பில், 44100 வேகத்தில் பதிந்த செஷனை 48000 வேகத்தில் ஓடும் எஞ்சினில் திறந்திருக்கிறீர்கள். பாட்டு ஒன்பது சதவீதம் வேகமாக ஓடும். 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையோடும் சேராத இந்த நடுத்தரம்தான் இந்தக் கோளாறின் கைரேகை. பாடகர் உண்மையிலேயே அரைக்கட்டை ஏற்றிப் பாடியிருந்தால் ஏதாவது ஒரு கட்டையில் போய் உட்காரும்.

திறக்கும்போதே அது எச்சரிக்கும். நாம் படிக்காமல் சரி என்று அமுக்கிவிடுவோம். மூடிவிட்டு, எஞ்சினை 44100-க்கு மாற்றித் திறங்கள். பைப்வயர் இயல்பாக 48000-இல் ஓடுவதால், புதிய செஷன் எல்லாம் 48000 என்று ஒரே முடிவாக வைத்துக்கொண்டேன். பிரச்சினையே போய்விட்டது.

மிடி கீபோர்டு தெரியவில்லை

மிடி என்பது எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற செய்தி, சத்தமல்ல. பழைய ஜாக் வைத்திருந்தால் அல்சா மிடியையும் ஜாக் மிடியையும் இணைக்க ஏ2ஜேமிடிடி என்ற பாலம் வேண்டும். பைப்வயரில் தானே தெரியும். தெரிந்தால் மட்டும் போதாது, இணைக்க வேண்டும். க்யூபிடபிள்யூகிராஃப் என்ற மென்பொருளில் பெட்டிகளும் கோடுகளுமாக எல்லாம் படமாக வரும். கீபோர்டிலிருந்து சின்த்துக்கு (அந்தச் செய்தியைச் சத்தமாக்கும் மென்பொருள்) ஒரு கோடு இழுங்கள். கோடு இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் சின்த்திலிருந்து ஸ்பீக்கருக்குக் கோடு இல்லை.

வின்டோஸ் பிளக்இன் ஓடவில்லை

வின்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன், அதன் பிளக்இன்களை ஆர்டோரோடு இணைக்கும் யாபிரிட்ஜ் இரண்டும் இருந்தால் நிறைய ஓடும். புதிதாக ஒன்றை நிறுவியதும் யாபிரிட்ஜின் 'சிங்க்' கட்டளையை ஓடவிட வேண்டும், அப்போதுதான் ஆர்டோருக்குத் தெரியும். பிளக்இன் திறக்கிறது, ஆனால் ஒரு குமிழைச் சொடுக்கினால் வேறொன்று திரும்புகிறது என்றால், வைன் பதிப்பைப் பாருங்கள். யாபிரிட்ஜ் 5.1.1-ஓடு வைன் 9.21 வரைதான் ஒத்துப்போனது. வைனைப் புதுப்பித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உரிமத்துக்கு யூஎஸ்பி சாவி கேட்கும் பிளக்இன்களோடு மல்லுக்கட்டி நான் ஜெயித்ததில்லை.

உண்மையில், எதற்கு இந்தப் பாடு? சர்ஜ் எக்ஸ்டி, ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ், எல்எஸ்பி பிளக்இன்கள், தாளத்துக்கு ஹைட்ரஜன் எல்லாம் லினக்ஸுக்கே பிறந்தவை போல ஓடுகின்றன. ரவானையே நாலு விதமாகத் தட்டிப் பதிந்து ஹைட்ரஜனில் ஏற்றி வைத்திருக்கிறேன். தோல் ஆறுமே என்ற கவலை இல்லாமல் ஒத்திகை பார்க்க அது போதும்.

'ஊம்ம்ம்' என்று அடியில் ஓர் இரைச்சல்

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றதா? அப்படியானால் இதில் லினக்ஸுக்கு எந்தப் பங்கும் இல்லை, எர்த் பிரச்சினை. நம் வீடுகளில் ஆங்கில மூன்று முள் சாக்கெட்டும் பிரெஞ்சு இரண்டு முள் பிளக்கும் கலந்து கிடக்கும். ஒன்றை மற்றொன்றில் செருக மலிவு அடாப்டர் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அதில் பல எர்த்தை அறுத்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கேபிள் வழியாக மைக்கில் ஏறிப் பாடும். லேப்டாப், ஸ்பீக்கர், கீபோர்டு மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். மைக்குக்கு மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள். எர்த் முள்ளை வேண்டுமென்றே உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகும் வேலை.

பதிவின் நடுவே மின்சாரம் போய்விட்டது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம், தைப்பூசமும் அதற்குள்தான் வருகிறது. அதனால் இது எங்களுக்குப் பழகிய கோளாறு. ஆர்டோர் பதியும்போதே சத்தத்தை டிஸ்கில் எழுதிக்கொண்டே போகிறது. மறுபடி திறக்கும்போது 'மீட்கவா, விட்டுவிடவா' என்று ஒரு சன்னல் வந்தால் மீட்கச் சொல்லுங்கள். விட்டுவிடு என்று தட்டிவிட்டால்கூட செஷன் அடைவுக்குள் ஆடியோ கோப்புகள் இருக்கிற அடைவைத் திறந்து பாருங்கள். நீங்கள் பாடியது அங்கே கிடக்க வாய்ப்பு அதிகம். நீளம் குறைவாகக் காட்டினாலோ திறக்க மறுத்தாலோ அழிக்காதீர்கள். கோப்பின் தலைப்பகுதி முடிக்கப்படாமல் நின்றிருக்கும். ஆடாசிட்டி என்ற இன்னொரு ஆடியோ மென்பொருளில் 'மூலத் தரவாக இறக்குமதி' என்று கொடுத்து, சாம்பிள் வேகத்தையும் பிட் அளவையும் சரியாகச் சொன்னால் ஏறிவிடும். தொடக்கத்தில் ஒரு சின்ன வெடிப்பு கேட்கும், அதை வெட்டிவிடுங்கள். சூறாவளி எச்சரிக்கை 3-ஆம் நிலைக்குப் போனால் நான் மீட்பு பற்றியெல்லாம் யோசிப்பதில்லை. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, செஷன் அடைவை ஒரு பென்டிரைவில் போட்டு, ரவான் பக்கத்திலேயே துணியில் சுற்றி வைத்துவிடுவேன்.